ஃபேட்டி லிவர் மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

திருப்பூரிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். குடிப்பழக்கம் இல்லை, "கல்யாண வீட்டில்கூட பீர் தொட்டதில்லை" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். நான்கு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறார், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.1. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்பளவு 96 செ.மீ. கம்பெனி ஏற்பாடு செய்த மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, அல்ட்ராசவுண்ட் முடிந்து, கேன்டீன் கூப்பனில் பொங்கல், வடை, காபி சாப்பிட்டிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'. ஃபைப்ரோஸ்கேனில் 10.8 கிலோபாஸ்கல். ரத்தத்தில் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 58, எஸ்ஜிபிடி 81, தட்டணுக்கள் 2 லட்சம்.

ரிப்போர்ட்டைப் பார்த்த கல்லீரல் மருத்துவர், தங்கள் மருத்துவமனையில் ஒரு புதிய மருந்துக்கு ஆய்வு நடப்பதாகவும் இவர் அதற்குப் பொருத்தமாக இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வாரம் ஓர் ஊசி. மூன்று பேரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெற்று ஊசி. தொடக்கத்திலும் முடிவிலும் லிவர் பயாப்ஸி, அதாவது ஊசியால் கல்லீரலில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பார்ப்பது. "சோதனை எலியாப் போகப் போறீங்களா?" என்கிறார் மனைவி. "கீழாநெல்லியை அரைச்சு மோரில் குடிடா, எல்லாம் போயிரும்" என்கிறார் அம்மா. மாமனார் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை, குடிக்கிறீங்களா?" என்று கேட்டாராம்.

வாசகரின் கேள்விகள் இவை. கிரேடு 3 வராத ஆளுக்கு ஆய்வு எதற்கு? பயாப்ஸி செய்தால் நோய் பரவுமா? வெற்று ஊசி வந்தால் ஏமாற்றுதானே? நடுவில் விலகலாமா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? முடியாது என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

வணக்கம் நண்பரே. உங்கள் மாமனாரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்தியிருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. குடிக்காதவர்களின் கல்லீரலும் குடிப்பவர்களின் கல்லீரலைப் போலவே மைக்ராஸ்கோப்பில் தெரியலாம் என்பதை 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜூர்கன் லுட்விக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கி, அதற்கு 'நாஷ்' (மது சாராத கொழுப்புக் கல்லீரல் அழற்சி) என்று பெயர் வைத்தார்கள். அப்போதிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் இது 'மது சாராத' கொழுப்புக் கல்லீரல் நோயாக, அதாவது இல்லாத ஒன்றைச் சொல்லி அழைக்கப்படும் நோயாகவே இருந்தது. பெயரிலேயே மது இருந்தால் மாமனார் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? 2023 ஜூனில் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து பெயரை 'மாஸ்ல்டி' என்று மாற்றின. சர்க்கரை, தொப்பை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகிய வளர்சிதை மாற்றக் கோளாறுகளோடு வரும் கொழுப்புக் கல்லீரல் என்று அதற்குப் பொருள். உங்களிடம் சர்க்கரை இருக்கிறது, தொப்பை இருக்கிறது. அதுவே போதும்.

"நான் குண்டு இல்லை, தொப்பை மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் உங்கள் பிஎம்ஐ 26-ஐத் தாண்டுகிறது. வெள்ளைக்காரர்களுக்கு வகுத்த கணக்கில் அது கொஞ்சம் கூடுதல் எடை, அவ்வளவுதான். நம்மவர்களுக்கு 23-க்கு மேலேயே கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன். ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வரும் உடல்வாகு நம் ஊரில் சாதாரணம் என்பதால் அதை யாரும் நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு

உங்கள் கடிதத்தில் நான் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். அல்ட்ராசவுண்டில் வரும் கிரேடு 1, 2, 3 எல்லாம் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு தெரிகிறது என்பதற்கான உத்தேசக் கணக்கு. அதுவும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து மாறும். உங்கள் ஆயுளோடு அதிகம் தொடர்புடையது தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ். அதற்குத்தான் எஃப்0 முதல் எஃப்4 வரை ஸ்டேஜ் சொல்வார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ், கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை. கிரேடு 3 கொழுப்போடு தழும்பே இல்லாதவர்களும் உண்டு. கிரேடு 1 என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் எஃப்3 இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எனவே "இன்னும் கிரேடு 3 வரவில்லையே" என்று ஆறுதல்படுவதும், வந்துவிட்டதே என்று நடுங்குவதும் இரண்டுமே வேண்டாத வேலை.

தழும்பை மதிப்பிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது, பெயர் ஃபிப்-4. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும்: 46 × 58 = 2,668. தட்டணுக்களை ஆயிரங்களில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்: 200 × 9 = 1,800. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.48. இது 1.3-க்குக் கீழே இருந்திருந்தால், "எடையைக் குறையுங்கள், கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்று அனுப்பியிருப்பேன். 2.67-க்கு மேல் என்றால் கவலைப்பட்டிருப்பேன். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். நடுவில் இருப்பவருக்கு அடுத்து ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது சரியான வழிதான்.

ஆனால் பொங்கல் சாப்பிட்டுவிட்டு எடுத்தது சரியில்லை. ஃபைப்ரோஸ்கேன் கருவி, வலது விலா எலும்புகளுக்கு இடையே விரலால் சுண்டிவிடுவது போல மெல்லிய அதிர்வை அனுப்பி, அது கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும். கல்லீரல் விறைப்பாக இருந்தால் அலை வேகமாக ஓடும். சாப்பிட்டதும் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் தழும்பு இல்லாமலேயே கொஞ்சம் விறைப்பு கூடும். அதனால்தான் குறைந்தது மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பார்கள். 8-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 12-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். உங்கள் 10.8 நடுவில் தொங்குகிறது. அதில் எவ்வளவு கல்லீரலுடையது, எவ்வளவு பொங்கலுடையது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வில் சேர்வதற்கு முன் வெறும் வயிற்றில் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். பத்து அளவீடுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்திருக்கின்றனவா என்பதும் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். ஐக்யூஆர் என்று போட்டு ஒரு சதவீதம் தந்திருப்பார்கள், அது 30-க்குள் இருக்க வேண்டும்.

பயாப்ஸி

முதலில், பயாப்ஸியால் நோய் பரவாது. உங்களுக்கு இருப்பது புற்றுநோய் இல்லை. இதில் பரவுவதற்கு எதுவும் கிடையாது. மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து இடத்தைக் குறித்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். மூச்சை நிறுத்தச் சொல்லும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். வெளியே வருவது இரண்டு செ.மீ. நீளத்தில் ஒரு சேமியாத் துண்டு, அவ்வளவுதான். அதன்பின் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வலது தோள்பட்டையில் வலி வரலாம், பயப்பட வேண்டாம். உண்மையில் பயப்பட வேண்டியது ரத்தக்கசிவுக்குத்தான். அது அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிக மிக அரிதாக உயிருக்கே ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரை எதையாவது சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை நீங்கள் நியாயமாகக் கேட்கலாம்: சாதாரணச் சிகிச்சைக்கு இந்தப் பயாப்ஸி எனக்குத் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. ரத்தப் பரிசோதனையும் ஃபைப்ரோஸ்கேனும் முடிவெடுக்கப் போதும். ஆய்வுக்குத்தான் அது தேவைப்படுகிறது, ஏனென்றால் மருந்து தழும்பைக் குறைத்ததா என்பதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதுவரை பெரும்பாலும் திசுவைத்தான் சாட்சியாகக் கேட்டு வந்திருக்கின்றன. அந்தச் சாட்சியும் அப்பழுக்கில்லாதது என்று சொல்ல முடியாது. அந்தச் சேமியாத் துண்டு மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. ஒரே ஸ்லைடைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு ஸ்டேஜ் சொல்வதுண்டு. அந்தக் குழப்பத்தைக் குறைக்க, ஸ்லைடு படங்களை மதிப்பிட உதவும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2025 மார்ச்சில் ஐரோப்பிய மருந்து அமைப்பு ஆய்வுகளில் பயன்படுத்த ஏற்றுக்கொண்டது. ஊசியே இல்லாமல் ரத்தத்திலும் ஸ்கேனிலும் இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கூட்டு ஆய்வுகள் நடந்து வந்திருக்கின்றன. இன்னும் சில வருடத்தில் உங்களைப் போன்றவர்களிடம் பயாப்ஸி கேட்கவே மாட்டார்களோ என்னவோ. இப்போதைக்குக் கேட்கிறார்கள்.

இன்னொன்று: பயாப்ஸி செய்துகொண்ட பிறகு, "உங்களுக்கு எஃப்1-தான், ஆய்வில் சேர முடியாது" என்று அனுப்பிவிடலாம். இது அடிக்கடி நடக்கும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் எஃப்2, எஃப்3 உள்ளவர்களைத்தான் தேடுகின்றன. பொங்கல் ஸ்கேனை நம்பி நேராகப் பயாப்ஸிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வெற்று ஊசி ஏமாற்று வேலையா?

உங்களிடம் சொல்லாமல் போட்டால் ஏமாற்று. முன்கூட்டியே சொல்லி, நீங்களும் டாக்டரும் இருவருமே தெரியாமல் இருக்கச் சம்மதித்து நடப்பது ஆய்வுமுறை. அது ஏன் தேவை என்பதற்கு ஓர் எண் சொல்கிறேன். சர்க்கரைக்கும் எடைக்கும் தரப்படும் செமாக்ளூடைட் ஊசியை வைத்து நடந்த பெரிய ஆய்வில் முதல் 800 பேரின் 72 வார முடிவு 2025-இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 62.9 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி தீர்ந்தது, தழும்பும் கூடவில்லை. வெற்று ஊசி போட்டவர்களில்? 34.3 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு மேல் மருந்தே இல்லாமல் தேறியிருக்கிறார்! சாப்பாட்டு ஆலோசனையைக் கேட்டவர்கள், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதற்காகவே நடக்கத் தொடங்கியவர்கள், தானாகவே ஏறி இறங்கும் நோய், இரண்டு பயாப்ஸிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஒப்பிட ஆளில்லாமல் நடத்தியிருந்தால் இந்த மூன்றில் ஒரு பங்கையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

புதிய மருந்து என்றாலே நல்ல மருந்து என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. இந்தத் துறையில் விழுந்த மருந்துகள்தான் அதிகம். செலான்செர்டிப், எலாஃபிப்ரனார் இரண்டும் கடைசிக் கட்ட ஆய்வில் இந்த நோய்க்குப் பலன் காட்டவில்லை. ஓபெட்டிகோலிக் அமிலத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இலும் 2023-இலும் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோதுதான் இந்த நோய்க்கென்று அங்கே முதல் மருந்து வந்தது. அதிலும் 966 பேரில் நடந்த ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களில் 29.9 சதவீதம் பேருக்கு அழற்சி தீர்ந்தது, வெற்று மாத்திரையில் 9.7 சதவீதம். அதாவது மருந்து எடுத்தும் பத்தில் ஏழு பேருக்குத் தீரவில்லை. செமாக்ளூடைடுக்கு எஃப்டிஏ இந்த நோய்க்காக 2025 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் சரோகிளிட்டசார் மாத்திரைக்கு 2020-இலேயே இந்த நோய்க்கு அனுமதி கிடைத்துவிட்டது.

இதனால் உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும், கடிதத்தில் அது இல்லை. நீங்கள் சர்க்கரை நோயாளி. செமாக்ளூடைட் போன்ற ஊசியைச் சர்க்கரைக்காகவே உங்கள் டாக்டர் எழுதித் தரலாம், கல்லீரலுக்கும் அது உதவக்கூடும். ஆய்வில் சேர்ந்துவிட்டால் இடையில் இப்படிப்பட்ட மருந்தைத் தொடங்க விடாமல் போகலாம். ஆய்வு முடியும் வரை அந்தக் கதவைச் சாத்திக்கொள்கிறீர்களா என்பதை ஆய்வு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்கான பதில்தான் பயாப்ஸியைவிடப் பெரிய விஷயம்.

கையெழுத்துப் போடும் முன்

உங்களைக் காப்பாற்றும் சட்டம் இருக்கிறது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் பங்கேற்றதால் உடல்நலக் கேடு வந்தால், தேவைப்படும் காலம் வரை, அல்லது அதற்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரை, இலவசச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வால் வந்த பாதிப்பு என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. மருந்தின் பக்கவிளைவு மட்டுமில்லை, ஆய்வுக்காகச் செய்த பயாப்ஸியில் ரத்தக்கசிவு ஆனாலும் அந்தக் கணக்கில் வரும்.

எந்த நிமிடமும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையில் கை வைக்க முடியாது. ஆனால் விலகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று ஊசியை நிறுத்தினால் என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், உங்களுக்கென்று ஒரு நகல் தர வேண்டும். தமிழில் கேளுங்கள். அந்தத் தமிழ் சில சமயம் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கும், அது வேறு கதை. படிவத்தில் ஆண்டு வருமானமும் நாமினி பெயரும் கேட்பார்கள். அந்த இடத்தைப் பார்த்ததும் பலருக்கு முகம் மாறிவிடுகிறது, "சாகப் போறேன்னு நினைச்சு எழுதி வாங்குறாங்களா" என்று. சட்டப்படி எல்லா ஆய்விலும் உள்ள வழக்கம் அது, பயப்பட வேண்டாம். கவுன்டரில் நின்றபடி கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடமாக இருந்தால் அந்த ஆய்வே வேண்டாம்.

கேட்க வேண்டியவை: சிடிஆர்ஐ எனப்படும் தேசிய ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன? (முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், இணையத்தில் நீங்களே தேடலாம்.) ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் என்ன? பயாப்ஸி, ஸ்கேன், பயணச் செலவு யார் பொறுப்பு? ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு வலித்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? ஆய்வு முடிந்து மருந்து எனக்கு வேலை செய்திருந்தால் அதன் பிறகு கிடைக்குமா?

டாக்டர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபிக்கக் கூடாது. ஆனால் ஒன்று: ஆய்வு நடத்தும் டாக்டர் உங்களுக்கு வைத்தியரும்தான், ஆய்வாளரும்தான். ஆள் சேர்க்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கிறது. அதில் தவறில்லை. இருந்தாலும் முடிவெடுக்கும் முன், ஆய்வோடு சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரிடம், உங்கள் சர்க்கரை டாக்டரிடமே, ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

அம்மாவின் கீழாநெல்லி

அம்மாவைத் தள்ளிவிட மாட்டேன். 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் உள்ளிட்ட குழு கீழாநெல்லி வகையொன்றை ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே திரும்ப வரவில்லை. அதுவும் கிருமிக்கான ஆய்வு. உங்களுக்குக் கிருமி இல்லை, கொழுப்பு. ஆய்வில் சேர்வதானால் கீழாநெல்லி உட்பட எதைச் சாப்பிட்டாலும் சொல்லியாக வேண்டும். பெயர் தெரியாத 'லிவர் டானிக்', லேகியம், மொத்தமாகக் காய்ச்சிய கஷாயம் எதுவும் வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் அந்தப் பச்சை வைட்டமின் ஈ கேப்சூலுக்கும் இதே பதில்தான். 2010-இல் பலன் காட்டிய ஆய்வு சர்க்கரை இல்லாதவர்களிடம் நடந்தது.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எடை உங்கள் கையில்தான். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வில், எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி தீர்ந்தது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே குறைந்தது. ஆனால் அவ்வளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு அது ஏழு கிலோ சொச்சம். ஐந்து கிலோவில் தொடங்குங்கள். கம்பெனியில் ஷிப்டுக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை எடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: வெறும் வயிற்றில் ஃபைப்ரோஸ்கேன். 8-க்குக் கீழே வந்தால் ஆய்வை மறந்துவிட்டு எடையைப் பாருங்கள். மறுபடியும் 10-ஐத் தாண்டினால், ஆய்வு நீங்கள் உட்கார்ந்து யோசிக்கத் தகுந்த விஷயம். படிவத்தைப் பற்றிப் பேசப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். 'சோதனை எலி' என்று கேட்டவரிடம் இன்னும் கேள்விகள் இருக்கும், அவற்றை அந்த அறையிலேயே அவர் கேட்கட்டும். கேன்டீன் கூப்பன் கொடுத்தால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் முடிந்த பிறகு இரண்டு இட்லி சாப்பிடலாம்.